வினைல் தரைக்கு அடியில் என்ன போடலாம்?

சிவில் படிக்கிற பொண்ணுக்கு எழுத வேற எதுவும் கிடைக்கலையா என்று கிளாஸில் சிரிக்கப் போகிறார்கள். சிரித்துக்கொள்ளுங்கள். ஒரு அறைக்குத் தரை போட எங்கள் வீட்டில் மூன்று வாரம் சண்டை நடந்தது. சண்டை தரையைப் பற்றிக்கூட இல்லை, தரைக்கு அடியில் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கப்போகிற ஒரு விரிப்பைப் பற்றி. அந்த மூன்று வாரத்தில் தேடிப் படித்ததையும் கடை கடையாய் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதையும் எழுதி வைத்தால் யாருக்காவது உதவும் என்று தோன்றியது.

முதலில் ஏன் இந்த வேலை என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் ஜூன் மாதம் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எங்கள் வீடு மடிப்பாக்கத்தில் வாடகைக்கு, தரைத் தளம். தரை முழுக்க பளபள என்று முகம் பார்க்கிற மாதிரி விட்ரிஃபைடு டைல்ஸ். காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் போதும், நமக்கே வழுக்கும். எழுபத்தெட்டு வயதுப் பாட்டிக்குக் கேட்கவே வேண்டாம். ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்ததும் பிசியோதெரபி அக்கா சொன்ன முதல் விஷயம், "வீட்டுல தரையைப் பாருங்க" என்பதுதான்.

டைல்ஸை உடைத்து மாற்ற ஹவுஸ் ஓனர் சம்மதிக்க மாட்டார். நாங்களும் கேட்கவில்லை. பாட்டியின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்கு மட்டும் டைல்ஸின் மேலேயே வினைல் போட்டுவிடலாம் என்று முடிவானது. அதுவரை அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஒரே கட்சி.

கடைக்குப் போனோம். கடைக்காரர் அட்டை அட்டையாக மர டிசைன் காட்டினார். வெங்காய நிறம், தேக்கு நிறம், சாம்பல் நிறம்... அம்மா தேக்கு நிறம் பிடித்துப்போய் நின்றுவிட்டார். கடைசியில் கடைக்காரர் ஒரு வெள்ளை நுரைச் சுருளை எடுத்து விரித்தார். "இது கீழ போடுற போம் சார். 3 எம்.எம். இன்னும் சாஃப்டா வேணும்னா 5 எம்.எம். இருக்கு. நடந்தா மெத்தை மாதிரி இருக்கும்." சதுர அடிக்கு ஒரு டீ விலைதான்.

மெத்தை என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா விழுந்துவிட்டார். "அஞ்சு எம்.எம்.மே குடுங்க. இல்ல, ரெண்டு லேயரா போட முடியுமா? காசு போனா போகுது, அம்மா மறுபடி விழுந்தா அடிபடக் கூடாது." பெற்ற அம்மா வலியில் கத்தியதைக் கேட்ட மகன் வேறு எப்படிப் பேசுவார்? அவரை எதிர்த்துப் பேசுவது சுலபமாக இல்லை. "ஒரு வாரம் டைம் குடுப்பா, நான் படிச்சுட்டுச் சொல்றேன்" என்று கேட்டு வாங்கினேன்.

இனி படித்த கதை.

வினைல் என்று ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு விற்கிறார்கள். அடியில் என்ன போடலாம் என்பது முதலில் இதைப் பொறுத்ததுதான்.

ஒன்று, பாய் போலச் சுருட்டி விற்கிற ஷீட். இது மெல்லியது, வளையக்கூடியது. அடியில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கொஞ்ச நாளில் அது மேலே முளை விட்டது போலத் தெரியும். இதற்கு அடியில் போம் போடக் கூடாது. மேடு பள்ளம் இல்லாத கெட்டியான தளம்தான் வேண்டும். மரத் தரை உள்ள வெளிநாட்டு வீடுகளில் இதற்கு அடியில் 6 மி.மீ. பிளைவுட் அடிப்பார்கள். அங்கே அந்தப் பிளைவுட்டுக்கும் அண்டர்லே என்றுதான் பெயர். ஒரே வார்த்தை, இரண்டு பொருள். இணையத்தில் தேடும்போது முதல் இரண்டு நாள் இந்தக் குழப்பத்திலேயே போனது.

இரண்டு, பசை போட்டு ஒட்டுகிற பலகை அல்லது ஷீட். பசை நேராகத் தளத்தில் பிடிக்க வேண்டும் என்பதால் இதற்கும் நடுவில் போம் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் வார்டு, வராண்டா எல்லாம் இந்த வகைதான். ஷீட்டைச் சிமெண்ட் தளத்தில் ஒட்டி, இணைப்புகளைச் சூடாக்கி உருக்கிச் சேர்த்து, சுவரோரம் கொஞ்சம் மேலே வளைத்து ஏற்றியிருப்பார்கள். அடுத்த முறை போனால் குனிந்து பாருங்கள்.

மூன்று, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்கிற பலகை. க்ளிக் டைப் என்பார்கள். பசை இல்லை, ஆணி இல்லை. பலகைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தரைமேல் சும்மா கிடக்கும். இப்போது எல்லாக் கடையிலும் எஸ்.பி.சி. என்று விற்பது இதுதான். சுண்ணாம்புக்கல் பொடியையும் பி.வி.சி.யையும் சேர்த்து அழுத்திய கெட்டியான நடுப்பகுதி, மேலே டிசைன் படமும் அதன்மேல் தேயாமலிருக்க ஒரு தெளிவான படலமும். அண்டர்லே என்ற பேச்சே இந்த மூன்றாவது வகைக்குத்தான் வருகிறது.

எங்களுக்கு ஹவுஸ் ஓனர் காரணமாகப் பசை கூடாது. காலி செய்யும்போது கழற்றி எடுத்து, அடியில் இருக்கிற டைல்ஸை அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆகவே மூன்றாவது வகை. ஆகவே அண்டர்லே என்ன என்ற கேள்வி.

அண்டர்லே என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் "சாஃப்டா இருக்கும்" என்றுதான் முதலில் சொல்கிறார்கள். உண்மையில் அதற்கு நான்கு வேலை. நடக்கும்போது வரும் டக் டக் சத்தத்தைக் குறைப்பது. தளத்தில் இருக்கிற மிகச் சின்ன நெளிவுகளைச் சமாளிப்பது. கீழிருந்து வரும் ஈரத்தைத் தடுப்பது (எல்லா அண்டர்லேயும் இதைச் செய்யாது). பலகை இணைப்புகளை விட்டுக்கொடுக்காமல் தாங்குவது. கடைசி வேலையைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஆனால் வினைலுக்கு அதுதான் தலையாய வேலை.

ஏன் என்று பார்ப்போம். க்ளிக் பலகையின் ஓரத்தில் ஒரு நாக்கும் ஒரு காடியும் இருக்கும். நாக்கு காடிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பலகையே 4 மி.மீ. என்றால் அந்த நாக்கு எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடியில் மெத்தை போல இருந்தால் நாம் காலை வைக்கும்போது ஒரு பலகை அமுங்கும், பக்கத்துப் பலகை அமுங்காது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நாக்கு வளையும். காலை எடுத்தால் நிமிரும். ஒரு நாளைக்கு நூறு தடவை, வருடத்துக்கு முப்பத்தாறாயிரம் தடவை. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் என்ன ஆகும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். நாக்கு உடைந்ததும் இடைவெளி விழும். அதில் தண்ணீர் இறங்கும், ஓரம் தூக்கும். அந்தத் தூக்கிய ஓரத்தில்தான் வாக்கர் தட்டும்.

லேமினேட் என்ற மரத்தூள் பலகைக்கும் இதே ஆபத்து உண்டு. ஆனால் அது பொதுவாக 8 மி.மீ. இருக்கும், கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். கடையில் காட்டிய 3 மி.மீ., 5 மி.மீ. வெள்ளை நுரை லேமினேட்டுக்காக வந்தது. அதையே வினைலுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். க்ளிக் வினைலுக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ.க்கு மேல் அண்டர்லே வேண்டாம் என்று பல கம்பெனிகள் தங்கள் குறிப்பேட்டிலேயே எழுதியிருக்கின்றன. மீறினால் வாரண்டி இல்லை.

கனம் மட்டும் பார்த்தால் போதாது. அழுத்தினால் எவ்வளவு தாங்கும் என்றும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் இதற்கு ஈ.என். 16354 என்று ஒரு தர அளவுகோல் இருக்கிறது. விரிப்பு அரை மி.மீ. அமுங்க எவ்வளவு அழுத்தம் தேவை என்று அளந்து கிலோபாஸ்கலில் போடுவார்கள். வினைலுக்கென்றே செய்த நல்ல அண்டர்லேயில் 200, 400 என்று இருக்கும். சாதாரண வெள்ளை நுரை சில பத்துகளோடு நின்றுவிடும்.

எண்ணை மட்டும் பார்த்தால் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆகவே பாட்டியின் வாக்கருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாட்டி 52 கிலோ. முன்னால் சாய்ந்து நடக்கும்போது பாதி எடையை வாக்கர்மேல் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம், 26 கிலோ. அது பெரும்பாலும் முன்கால் இரண்டில் இறங்கும், ஒரு காலுக்கு 13 கிலோ. ரப்பர் புஷ் 3 செ.மீ. அகலம், அதாவது பரப்பு சுமார் 7 சதுர செ.மீ. வகுத்தால் 180 கிலோபாஸ்கல் வருகிறது! பலகை கெட்டியாக இருப்பதால் இந்த அழுத்தத்தை அக்கம்பக்கம் பரப்பிவிடும், முழுதாக அண்டர்லேயில் இறங்காது. ஆனால் வாக்கர் கால் சரியாக இணைப்பின் ஓரத்தில் ஊன்றினால் பரப்ப அதிக இடம் இல்லை. மெலிந்த ஒரு பாட்டி இவ்வளவு அழுத்தம் கொடுப்பார் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

கணக்கு அப்பாவை அசைக்கவில்லை. "நீ பலகை உடையறதைப் பத்திப் பேசறே. நான் எலும்பு உடையறதைப் பத்திப் பேசறேன்" என்றார். அது நியாயமான கேள்வி. பலகை போனால் வேறு பலகை வாங்கிக்கொள்ளலாம். மெத்தென்ற அடுக்கு உண்மையிலேயே எலும்பைக் காப்பாற்றும் என்றால், நாக்காவது காடியாவது!

இதைப் பரீட்சை செய்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லம், 150 அறைகள். பாதி அறைகளில் வினைலுக்கு அடியில் 2.54 செ.மீ. கனத்துக்கு, விழும் அடியை வாங்கிக்கொள்வதற்கென்றே செய்த ரப்பர் அடுக்கு. மீதி அறைகளில் அதே கனத்துக்கு பிளைவுட். எந்த அறைக்கு எது என்பது குலுக்கல் முறை. மேலே எல்லா அறையிலும் ஒரே ஆஸ்பத்திரி வினைல், ஆகவே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 2013இல் தொடங்கி 2017 வரை நான்கு வருடம் யார் விழுந்தார்கள், என்ன அடிபட்டது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். முடிவு 2019இல் பிளாஸ் மெடிசின் இதழில் வந்தது. பலத்த அடிபட்டவர்கள் கணக்கில் இரண்டு வகை அறைகளுக்கும் வித்தியாசமே இல்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சுவீடனில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வில், அதிர்வு தாங்கும் தரையில் விழுந்தவர்களுக்குக் காயம் குறைவாக இருந்ததாகத் தெரிந்தது. ஆனால் அங்கே குலுக்கல் கிடையாது. இன்னொரு விஷயம், இங்கெல்லாம் பேச்சு அதற்கென்றே வடிவமைத்த தனித் தரையைப் பற்றி. நம் கடையில் கிடைக்கிற 5 மி.மீ. நுரையைப் பற்றி இல்லை.

ஏன் 5 மி.மீ.யால் பலன் இல்லை என்பதற்கு பிளஸ் ஒன் பிசிக்ஸ் போதும். நிற்கிற நிலையிலிருந்து விழும்போது இடுப்பு விநாடிக்குச் சுமார் 3 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. அந்த வேகத்தைப் பூஜ்யமாக்கக் கிடைக்கும் தூரம் அதிகமானால் அடியின் பலம் குறையும். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பது இதற்காகத்தான். நுரை முழுக்க நசுங்கினால்கூட நமக்குக் கிடைப்பது மூன்று, நான்கு மி.மீ. அதற்குமேல் கெட்டியான பலகை வேறு கிடக்கிறது. நம் உடம்பின் தோலும் சதையும் அதைவிட அதிகமாக அமுங்கும். அந்த மெத்தை விழும்போது உதவாது, ஆனால் நடக்கும்போது தள்ளாட வைக்கும். பிசியோதெரபி அக்காவிடம் போனில் கேட்டேன். "கால் ஊன்றினா தரை பதில் சொல்லணும்மா. அமுங்குற தரையில் வாக்கர் ஒரு பக்கம் சாயும். விழுந்தா அடிபடாத தரையைத் தேடாதீங்க, விழாத தரையைத் தேடுங்க" என்றார்.

அப்பா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் ஒன்று செய்தார். வாக்கரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்றார்! பைக்கில் அவர் ஓட்ட, நான் பின்னால் வாக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு... சிக்னலில் எல்லாரும் பார்த்தார்கள். கடையில் இரண்டு பலகையை மாட்டி, அடியில் 5 மி.மீ. நுரை வைத்து, இணைப்பின் பக்கத்தில் வாக்கர் காலை ஊன்றி அப்பாவே அழுத்தினார். ஒரு பலகை இறங்கி, இணைப்பில் ஒரு படி தெரிந்தது. விரலால் தடவினாலே தட்டுப்பட்டது. பிறகு நுரை இல்லாமல் வெறும் தரையில் வைத்து அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. பத்து கட்டுரை சொல்லாததை அந்த வாக்கர் கால் சொல்லிவிட்டது.

கடைசியில் வாங்கியது 4 மி.மீ. எஸ்.பி.சி. பலகை, அதன் அடியில் கம்பெனியே ஒட்டிக் கொடுத்த 1 மி.மீ. கறுப்பு நுரை. இந்த நுரைக்கு ஐ.எக்ஸ்.பி.இ. என்று பெயர். வெள்ளை நுரையைவிட நெருக்கமானது, கெட்டி. இப்படி ஏற்கெனவே ஒட்டி வந்தால் அதற்குக் கீழே இன்னொரு நுரை போடக் கூடாது. இரண்டு மெத்தைமேல் கட்டில் போட்ட கதையாகிவிடும். நீங்கள் வாங்கும்போது முதலில் பலகையைத் திருப்பிப் பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே கேள்வி முடிந்துவிடும்.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. பலகையும் நுரையும் சேர்த்து 5 மி.மீ.தான். கூடுதல் நுரை போட்டிருந்தால் 10 மி.மீ. ஆகியிருக்கும். அறை வாசலில் புதுத் தரை முடிந்து பழைய டைல்ஸ் தொடங்குகிற இடத்தில் அத்தனை உயரப் படி. வாக்கருக்கு 10 மி.மீ. படி சின்ன விஷயம் இல்லை. எங்களுக்கு 5 மி.மீ.க்கே சரிவான ஒரு அலுமினியப் பட்டை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

பலகை முடிந்தது. அடுத்து ஈரம். தரைத் தளத்தில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

மண்ணிலிருந்து ஈரம் கான்கிரீட் வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும். டைல்ஸ் இடுக்கு வழியாக வெளியேறிக் காற்றில் காய்ந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. அதன்மேல் வினைல் போட்டால் மூடி போட்ட மாதிரி. ஈரம் அங்கேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும், பழைய துணி நாற்றம் வரும்.

இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு இதை டி 4263 என்ற எண்ணில் தர விதியாகவே வைத்திருக்கிறது. 18 அங்குலச் சதுரமாக ஒரு பாலிதீன் ஷீட்டை வெட்டித் தரையில் வைத்து, நான்கு ஓரமும் காற்று போகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் வருகிறது என்று அர்த்தம். இது வெறும் கான்கிரீட்டுக்கான சோதனை. எங்களிடம் இருப்பது டைல்ஸ் என்பதால் ஷீட்டை நான்கு டைல்ஸ் சேரும் இடத்தில், இடுக்கு நடுவில் வருகிற மாதிரி வைத்தேன். ஒரு மூலையிலும் அறை நடுவிலுமாக இரண்டு இடம்.

சோதனையை எப்போது செய்கிறோம் என்பதும் முக்கியம். சித்திரை வெயிலில் செய்தால் எந்த வீடும் பாஸ்தான். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் செய்து பார்க்க வேண்டும். நாங்கள் நவம்பரில் செய்தோம். நடுவில் வைத்தது சுத்தமாக இருந்தது. வெளிச்சுவர் பக்கம் மூலையில் வைத்ததில் இடுக்கு நெடுக ஒரு கோடாகப் பனி படர்ந்திருந்தது.

ஆகவே பலகைக்கு அடியில் ஒரு பாலிதீன் ஷீட் போட்டோம். வெளிநாட்டுக் குறிப்புகளில் 6 மில் என்று இருக்கும். நம் ஊர் ஹார்ட்வேர் கடையில் மில் என்றால் முழிப்பார்கள், 600 கேஜ் என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றுதான், 150 மைக்ரான், அதாவது 0.15 மி.மீ. ஒரு ஷீட்டின்மேல் அடுத்த ஷீட் ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும், இணைப்பில் டேப். இது மெல்லியதாக இருப்பதால் பலகை அமுங்கப் போவதில்லை. மெத்தை என்று ஒன்றும் தேவைப்படாத எங்கள் அறைக்கு உண்மையில் தேவைப்பட்ட அண்டர்லே இந்த பாலிதீன்தான்!

ஆனால் ஒன்று. இது நிலத்திலிருந்து வரும் ஆவியைத்தான் தடுக்கும், வாசல் வழியாக வரும் வெள்ளத்தை அல்ல. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. மறுபடி வந்தால் வினைலுக்கு அடியிலும் போகத்தான் செய்யும். வினைலும் இந்தக் கறுப்பு நுரையும் தண்ணீரைக் குடிக்காது. தண்ணீர் வடிந்ததும் பலகைகளைக் கழற்றி, கழுவி, காயவைத்து மறுபடி மாட்டலாம். கார்க் என்ற தக்கை விரிப்பும், துணிக் கழிவில் செய்த ஃபெல்ட்டும் சத்தம் குறைக்க நல்லவை என்று சொல்கிறார்கள். மேல் மாடிக்கு வேண்டுமானால் சரி. வெள்ளம் வருகிற தெருவில் தரைத் தளத்துக்கு ஃபெல்ட் வேண்டவே வேண்டாம்.

மேல் மாடியில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு ஈரம் பிரச்சினை இல்லை, கீழ் வீட்டுக்காரர்தான் பிரச்சினை :) நாற்காலி இழுக்கிற சத்தம், நடக்கிற சத்தம் இரண்டையும் மெல்லிய கெட்டி அண்டர்லே ஓரளவு குறைக்கும். நீங்கள் சண்டை போடுகிற சத்தத்தை எந்த அண்டர்லேயும் குறைக்காது.

கடைசியாக மட்டம். பள்ளத்தை நுரை நிரப்பிவிடும் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். நுரை பள்ளத்தை மறைக்கும், நிரப்பாது. அதன்மேல் நடக்கிற ஒவ்வொரு தடவையும் பலகை தொங்கி அமுங்கும். பத்தடி நீளத்தில் 5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்கிற அளவு. கொத்தனாரின் அலுமினிய மட்டப்பலகையைத் தரையில் வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு டைலையும் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டியும் பார்த்தேன். கெட்டியாக ஒட்டியிருந்தால் ஒரு சத்தம், அடியில் வெற்றிடம் இருந்தால் பானையைத் தட்டின சத்தம். ஜன்னல் ஓரம் இரண்டு டைல்ஸ் பானை. அவற்றை எடுத்துத் திரும்ப ஒட்டித் தர ஹவுஸ் ஓனரே ஆள் அனுப்பினார்.

தரை போட வந்த அண்ணன் அரை நாளில் முடித்துவிட்டார். சுவரோரம் சுற்றிலும் 8 மி.மீ. இடைவெளி விட்டார், வெயிலில் பலகை விரிய இடம் வேண்டும் என்று. இரும்பு பீரோவைப் புதுத் தரைமேல் ஏற்ற வேண்டாம் என்று சொன்னதும் அவர்தான். ஒரு பக்கம் பீரோ அழுத்திப் பிடித்துக்கொண்டால், விரிய முடியாமல் இன்னொரு பக்கம் இணைப்பு பிரியுமாம். இப்போது பீரோ கூடத்தில் நிற்கிறது. அம்மாவுக்கு அதில் இன்னும் கோபம்.

ஆகவே மக்களே, கடையில் போம் சுருளை விரித்துக் காட்டினால் கையால் அமுக்கிப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள். இது ஒட்டுகிற வினைலா, மாட்டுகிற வினைலா? பலகைக்கு அடியில் ஏற்கெனவே நுரை இருக்கிறதா? என் தளம் ஈரமா, மேடு பள்ளமா? அதன்மேல் யார், எதைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறார்கள்? இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு, பல வீடுகளுக்குப் போம் வாங்க வேண்டிய தேவையே இருக்காது.

பாட்டிக்கு இந்த மில், கேஜ் எதுவும் தெரியாது. முதல் நாள் செருப்பில்லாமல் நின்று பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரித் தரை மாதிரி கெட்டியா இருக்கு, நம்பி நிக்கலாம்" என்றார். இப்போது கட்டிலிலிருந்து பாத்ரூம் வாசல் வரை வாக்கரோடு தனியாகப் போய் வருகிறார். யாராவது பின்னாலேயே போனால் திட்டு விழுகிறது. அப்பா மட்டும் இன்னும் ராத்திரி சத்தம் கேட்டால் எழுந்து வந்து பார்க்கிறார். அதற்கு எந்தத் தரையும் மருந்து இல்லை.

வருகிற ஐப்பசியில் வெளிச்சுவர் பக்கம் முதல் வரிசைப் பலகையைக் கழற்றி பாலிதீனுக்கு அடியில் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன். நீங்களும் மூடிவிட்டோம் என்று மறந்துவிடாமல், வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மூலையையாவது தூக்கிப் பாருங்கள்.